பாத்தி பெருசு, மடை சிறுசு

“எவ்வளவு பழசானாலும் டிஎஸ்எல்ஆர் டிஎஸ்எல்ஆர்தானுங்கண்ணா. சென்சார் பெருசு. பாக்கெட்டுல போடுற கேமரா அதுகிட்ட நிக்க முடியுங்களா?”

இதை டீக்கடையில் கேட்டிருக்கிறேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில் கேட்டிருக்கிறேன். முடி வெட்டும் நாற்காலியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்தபடியும் கேட்டிருக்கிறேன். பழனிப் பக்கத்துத் தொப்பம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் இதைச் சொல்லி ஒரு தலையாட்டலை வாங்கிப் போவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இனி ஆட்டுவதாக இல்லை.

காரணம், போன வாரம் கடைக்கு வந்த ஒரு வாத்தியார். மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளைப் படம் பிடிக்க, கையில் இருந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 என்ற சின்னக் கேமராவை மச்சானுக்குத் தள்ளிவிட்டு, செகண்ட்ஸில் ஒரு நிக்கான் டி90 வாங்கியிருக்கிறார், 18–55 கிட் லென்ஸோடு. “சென்சார் பெருசுன்னு சொன்னாங்க சார். படமெல்லாம் ஒரே கிரெயின்ஸா இருக்குது. கேமரா ரிப்பேருங்களா?” என்று நீட்டினார். கேமராவில் ஒரு குறையும் இல்லை. குறை, அவருக்கு யோசனை சொன்ன வாய்களில்.

நம்பிக்கை: சென்சார் பெருசாக இருந்தால் படம் நன்றாக வரும். ஆகவே பழைய டிஎஸ்எல்ஆர் எப்போதும் ஜெயிக்கும்.

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தப் புரளிக்கு இவ்வளவு ஆயுசு. 2008-இல் வந்த டி90-இன் சென்சார் 23.6-க்கு 15.8 மி.மீ.; பரப்பு சுமார் 373 சதுர மி.மீ. வாத்தியார் விற்ற கேமராவின் சென்சார் 13.2-க்கு 8.8, சுமார் 116 சதுர மி.மீ. ஆக, டி90-இன் சென்சார் 3.2 மடங்கு பெரிது. இதுவரை டீக்கடை சொன்னது சரி.

ஆனால், சென்சார் வெளிச்சத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. லென்ஸ் விட்டால்தான் அதற்கு வெளிச்சம். நம் ஊரில் விவசாயம் தெரியாதவர் யார்? பாத்தியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் மடை சின்னதாக இருந்தால் அரை மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் பாயும்? சின்னப் பாத்திக்கு அகலமான மடை வைத்தவன் அதற்குள் பாய்ச்சி முடித்து வீட்டுக்குப் போயிருப்பான். கேமராவில் மடை என்பது லென்ஸின் எஃப் எண். எண் சிறிதானால் மடை அகலம்.

வாத்தியாரின் கிட் லென்ஸ், மேடையைக் கிட்டத்தில் இழுக்க 55 மி.மீ.க்குப் போனால் எஃப் 5.6-தான். அதே காட்சியை அதே நெருக்கத்தில் எடுக்கும்போது ஜி7 எக்ஸ் மார்க் 2-இன் லென்ஸ் எஃப் 2.8 திறக்கும். 5.6-க்கும் 2.8-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள். வட்டத்தின் பரப்பு என்பதால் வர்க்கக் கணக்கு: நான்கு மடங்கு. சென்சாரில் 3.2 மடங்கு வரவு, லென்ஸில் 4 மடங்கு செலவு. மொத்தத்தில் வாத்தியார் பணம் கொடுத்து வாங்கியது, விற்றதைவிடக் கொஞ்சம் குறைவான வெளிச்சத்தை. ஜூம் செய்யாமல் எடுத்தாலும் கதை மாறாது. அங்கே கிட் லென்ஸ் எஃப் 3.5, சின்னக் கேமரா எஃப் 1.8, கிட்டத்தட்ட 3.8 மடங்கு. பின்னணி மங்கலாகத் தெரியும் விஷயத்திலும் இதே கணக்குதான், இதே சமன்தான்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்காக மச்சானிடம் இருந்து அந்தச் சின்னக் கேமராவை இரவல் வாங்கி வரச் சொன்னேன். ராத்திரி ஸ்டுடியோவில் ஒரே ஒரு பல்பு. ஸ்டாண்டில் இரண்டு கேமரா. ஷட்டர் இரண்டிலும் 1/60. டி90-க்கு எஃப் 5.6-இல் ஐஎஸ்ஓ 1600 தேவைப்பட்டது; ஐஎஸ்ஓ ஏறினால் கிரெயின்ஸும் ஏறும். சின்னதற்கு எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 400 போதும். இரண்டையும் 8-க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் பென்சிலால் குறி வைத்துக் கடைக்கு வந்தவர்களிடம் காட்டினேன். அடித்துப் பேசும் டீக்கடை நிபுணர் ஒருவரும் வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதாங்க டிஎஸ்எல்ஆர், ஆழம் தெரியுது பாருங்க” என்று எடுத்துக் காட்டினார். சின்னக் கேமரா எடுத்தது அது.

அப்படியானால் டி90 குப்பையா? அதுவும் இல்லை. அலமாரியில் இருந்த என் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை அதே பாடியில் மாட்டினேன். எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம். ஐஎஸ்ஓ 1600 இருந்த இடத்தில் 200 போதுமானது. வாத்தியாரின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. பாத்தி பழையதுதான், மடையை மாற்றினோம். டிஎஸ்எல்ஆரின் பலம் இதுதான்: லென்ஸைக் கழற்றலாம். கழற்றாமல் கிட் லென்ஸோடே வாழ்ந்து முடிக்கப் போகிறவர், அந்தப் பலத்துக்குக் காசும் கொடுத்து, சுமந்தும் திரிந்து, ஒருநாளும் பயன்படுத்தாமல் இருக்கிறார்.

இன்னொன்று. சின்னக் கேமரா என்றாலே சின்னச் சென்சார் என்று யார் சொன்னது? 2013-இல் வந்த ரிக்கோ ஜிஆர் சட்டைப் பையில் அடங்கும், எடை 245 கிராம். அதற்குள் இருப்பது டி90-க்கு இணையான அளவுள்ள ஏபிஎஸ்-சி சென்சார். ஃபியூஜி எக்ஸ்100 வரிசையும் 2011 முதல் அப்படித்தான். இவற்றில் ஜூம் கிடையாது, லென்ஸை மாற்றவும் முடியாது. அது வேறு விஷயம். பானசோனிக் எல்எக்ஸ்100-இன் சென்சார் அளவில் ஜி7 எக்ஸ் மார்க் 2-க்கும் இவற்றுக்கும் நடுவில் நிற்கும். “பெரிய சென்சார் காம்பேக்ட்” என்ற ஒரு பெயருக்குள் மூன்று நான்கு அளவுகள் ஒளிந்திருக்க, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி “கிட்ட நிக்க முடியாது” என்பது அறியாமை. அறியாமைகூடப் பரவாயில்லை, அதை வைத்து அடுத்தவர் பையில் இருக்கும் பணத்தைச் செலவு செய்ய வைப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இனி, சில்லறைப் புரளிகள்.

நம்பிக்கை: ஒரு இஞ்ச் சென்சார் என்றால் ஒரு அங்குலம் இருக்கும்.

வாத்தியார் விற்ற கேமராவில் இருந்தது இந்தச் சென்சார்தான். அளவுகோலை வைத்துப் பாருங்கள். 13.2 மி.மீ. நீளம், மூலைக்கு மூலை சுமார் 16 மி.மீ. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம்பிக்கை: 12 மெகாபிக்சல் இந்தக் காலத்துக்குப் போதாது.

கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 தாளை விரித்தால் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். டி90-இன் 4288-க்கு 2848 புள்ளிகளை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு 237 புள்ளி வரும். மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு இது தாராளம். வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பப் போகிறவர் மெகாபிக்சல் பற்றிப் பேசவே கூடாது.

நம்பிக்கை: ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சார் இல்லாவிட்டால் உருப்படியாக எதுவும் எடுக்க முடியாது.

இயக்குநர் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ 2012-இல் வந்தது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் அதை எடுத்தது கேனான் 7டி-யில். 2009-இல் வந்த, ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர் அது. தேசிய விருதுக்குப் போதுமானது உங்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போதாதா?

நம்பிக்கை: பெரிய கேமராவில் வீடியோவும் நன்றாக வரும்.

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இங்கே வந்து விழாதீர்கள். மாடலைப் பாருங்கள். டி90-இல் வீடியோ 720-தான், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஓடும்போது தானாக ஃபோகஸ் ஆகாது. நாட்டியம் முழுவதையும் வீடியோ எடுக்க நினைப்பவருக்குச் சின்னக் கேமராவே மேல்.

நம்பிக்கை: எந்த நிக்கான் லென்ஸும் எந்த நிக்கான் பாடியிலும் வேலை செய்யும்.

டிஎஸ்எல்ஆர் வரிசைக்குள் பெரும்பாலும் மாட்டும். ஃபோகஸ் ஆகுமா என்பதுதான் கேள்வி. டி90-க்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. டி3100, டி5100 பாடிகளில் இல்லை. விலை குறைவு என்று பழைய ‘டி’ வகை 50 எம்எம் வாங்கி இவற்றில் மாட்டினால் கையால்தான் திருகவேண்டும். கேனானில் இந்தச் சிக்கல் இல்லை. ஈஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.

நம்பிக்கை: டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது, இனி லென்ஸே கிடைக்காது.

கேனானும் நிக்கானும் தங்கள் உச்ச மாடல் டிஎஸ்எல்ஆரைக் கடைசியாக வெளியிட்டது 2020-இல். அதற்குப் பிறகு இருவருக்கும் கவனம் மிரர்லெஸ்ஸில்தான். ஆனால் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதலும் கேனானின் ஈஎஃப் மவுண்ட் 1987 முதலும் இருக்கின்றன. இத்தனை வருடம் விற்ற லென்ஸ்கள் எல்லாம் எங்கே போகும்? செகண்ட்ஸில் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். அம்பாசடர் தயாரிப்பு நின்ற மறுநாளே அம்பாசடர் ஓடுவது நின்றுவிட்டதா?

நம்பிக்கை: ஷட்டர் கவுண்ட் லட்சம் தாண்டினால் கேமரா முடிந்தது.

டி90-இன் ஷட்டரை நிறுவனம் 1,00,000 தடவைக்குச் சோதித்தது. டி7000-க்கு அது 1,50,000. அது சோதித்த அளவு, சாகும் தேதி அல்ல. ஆனாலும் கல்யாண வீடுகளில் உழைத்துத் தேய்ந்த பாடியை வாங்கும்போது கவுண்டைப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள், முக்கியமாகக் கொடைக்கானல் பக்கத்து ஈரத்தில் கிடந்த லென்ஸ் என்றால்.

நம்பிக்கை: காம்பேக்டுக்குப் பராமரிப்பே வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் ஊரில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். உள்ளே வெளியே போய்வரும் லென்ஸ் காற்றையும் உறிஞ்சும், கூடவே தூசியையும். டிஎஸ்எல்ஆரில் சென்சாரில் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி புளோயரால் ஊதிவிடலாம். காம்பேக்டில் விழுந்தால் சர்வீஸில் கேமராவைப் பிரித்தாக வேண்டும். ஜிப் வைத்த பை ஒன்று வாங்கி அதற்குள் வையுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? நேராகச் சொல்கிறேன். உச்சிவெயிலில் நின்று எடுப்பவர், ரேக்ளா ரேஸில் ஓடிவரும் காளையை எடுப்பவர், காலை முதல் இரவு வரை சார்ஜ் போட இடமில்லாமல் அலைபவர் டிஎஸ்எல்ஆருக்குப் போகலாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு. வெயிலில் திரை தெரியாமல் தவிக்க வேண்டாம். டி90-இன் பேட்டரி நிறுவனக் கணக்கில் 850 படம் தாங்கும். ஜி7 எக்ஸ் மார்க் 2-க்கு 265. ஆனால் ஒரு நிபந்தனை: பட்ஜெட்டில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8-க்கு இடம் விடுங்கள். அதற்குக் காசு இல்லை என்றால் பாடியையும் வாங்காதீர்கள்.

பிள்ளைகள், பயணம், திருவிழா, வீட்டு விசேஷம் என்பவருக்கு எஃப் 1.8–2.8 லென்ஸ் உள்ள ஒரு இஞ்ச் காம்பேக்ட் நல்லது. ஜி7 எக்ஸ் மார்க் 2-இன் எடை 319 கிராம்தான். கனம் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்த டிஎஸ்எல்ஆரைவிடக் கையில் இருக்கும் சின்னக் கேமரா எவ்வளவோ மேல். வாங்கும்போது சென்சார் அளவைக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். லென்ஸின் முன்வளையத்தில் எழுதியிருக்கும் எஃப் எண்ணையும் படியுங்கள். இரண்டு எண் இருந்தால் இரண்டாவதைப் படியுங்கள். ஜூம் செய்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் வாத்தியாரிடம் ஒன்று கேட்டேன். “இதுவரைக்கும் பாப்பா ஆடின படம் எத்தனை சார் இருக்குது?”

“ரெண்டாயிரத்துக்கு மேல இருக்குமுங்க. போன்ல, லேப்டாப்புல, மெமரி கார்டுல…”

“பிரிண்ட் போட்டது?”

பதில் இல்லை.

எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். அந்தக் காலத்தில் பழனி மலைக்கு வந்த, கேமராவே இல்லாத குடும்பங்கள் மொட்டை போட்ட பிள்ளையோடு ஸ்டுடியோவில் நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு படம் சட்டம் போட்டு நாற்பது வருடமாக நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதை எடுத்த கேமராவின் பெயர் யாருக்காவது தெரியுமா? இன்று இரண்டாயிரம் படம் எடுப்பவர் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும்தான் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்ததும் கடைக்கு ஓடிவந்து “எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணா, பாட்டி படம் அதுலதான் இருக்குது” என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலுக்கு ஆறு பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். உங்களிடம் இருக்கும் எந்தக் கேமராவும் அதைத் தரும்.

பிரிண்ட் போட்டு விற்பவன் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் கடையில் போடவேண்டாம், ஒட்டன்சத்திரத்தில் போடுங்கள், தாராபுரத்தில் போடுங்கள். வாத்தியாரை அன்றைக்கு இருபது படம் தேர்ந்தெடுக்க வைக்காமல் அனுப்பவில்லை. தேர்ந்தெடுத்ததில் டி90 படம் ஐந்து, மச்சானிடம் போன சின்னக் கேமராவின் படம் பதினைந்து. எது எதில் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. பாப்பா எதில் சிரிக்கிறாள் என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.