ஊராட்சி நகரோடு இணையும்போது: வேங்கிக்கால் தரும் பாடம்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்துள்ளது. மனுக் கொடுக்க வரும் விவசாயியும், கணக்குக் கொண்டுவரும் ஊராட்சிச் செயலரும் இவ்வூரை நன்கு அறிவர். 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. அதன்பின் அலுவலகங்களும் மனைப்பிரிவுகளும் கடைகளும் பெருகின, வயல் சுருங்கிற்று. 1886ஆம் ஆண்டு முதல் நகராட்சியாக இருந்துவந்த திருவண்ணாமலை, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. வேங்கிக்கால் உள்ளிட்ட அண்டை ஊராட்சிகளை அதனுடன் இணைப்பதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாயிற்று.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிற மாவட்டங்களிலும் இத்தகைய முன்மொழிவுகள் வெளிவந்தன. சில ஊர்களில் வரவேற்பு இருந்தது. பல ஊர்களில் மக்கள் மனுவுடன் திரண்டனர். நகரின் எல்லையில் உள்ள எந்த ஊராட்சிக்கும் இக்கேள்வி என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். ஆகவே, இணைப்பினால் எது மாறுகிறது, எது மாறுவதில்லை, ஊரார் முன்கூட்டிச் செய்ய வேண்டுவது யாது என்னும் மூன்றையும் இங்கு ஆராய்வோம்.

கிராமம் நகரமாவது எவ்வாறு?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் அளவுகோலை வைத்துள்ளது. மக்கள்தொகை 5,000க்குக் குறையாமலும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமலும், முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேரேனும் வேளாண்மை அல்லாத தொழிலிலும் இருப்பின், அவ்வூர் நகர்ப்புறமாக எண்ணப்படும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர்.

ஆனால் இவ்வளவுகோல் எண்ணிக்கைக்காக மட்டுமே. கணக்கெடுப்பில் நகரம் என்று குறிக்கப்பட்ட ஊர், நிர்வாகத்தில் ஊராட்சியாகவே நீடிக்கலாம். சட்டப்படியான மாற்றம் அரசின் அறிவிக்கையினால்தான் நிகழ்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 243Q பிரிவில் கூறப்பட்டவாறு, மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சி வருவாய், வேளாண்மை அல்லாத வேலைவாய்ப்பு முதலியவை அதற்குக் கருதப்படும்.

மாறுவன நான்கு

முதலாவது, கிராம சபை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூட வேண்டும் என 2022இல் வகுக்கப்பட்டது. நகர்ப்புறத்தில் இதற்கு ஈடான சபை இல்லை. அங்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. ஆயினும் ஊர் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து வரவு செலவைக் கேட்கும் முறை அங்கு இல்லை.

இரண்டாவது, வேலை உறுதி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகக் குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள் வேலையை உறுதி செய்தது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 125 நாள் என்கிறது. இரண்டுமே ஊரகத்திற்கு மட்டும் உரியவை. நிலமில்லாத குடும்பங்களும் விதவைப் பெண்களும் இணைப்பை அஞ்சுவதற்கு முதற் காரணம் இதுவே. அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் தகாது.

மூன்றாவது, வரி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதி யாவும் நகர்ப்புற விதிகளின் கீழ் வரும். வரி உயரக்கூடும். அதற்கு ஈடாகப் பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றிற்கு நகர நிதி கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. வீடு நெருங்கிய தெருவில் இருப்போருக்கு இது ஆதாயமாகலாம். வயலோரத்தில் ஓட்டு வீட்டில் இருப்போருக்குச் சுமையாகலாம். ஒரே ஊரில் இருவகை மக்களும் இருப்பதனாலேயே கருத்து இரண்டுபடுகிறது.

நான்காவதுதான் பலரும் கவனியாதது. அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்கள் உள்ளன. அவற்றுள் வேளாண்மையும் சிறு பாசனமும் இடம்பெற்றுள்ளன. நகரங்களுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. வேளாண்மையும் சிறு பாசனமும் அவற்றுள் இல்லை. ஆகவே நகர எல்லைக்குள் வந்துவிட்ட வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலை, பாசன வாய்க்காலாகப் பார்க்கும் கண் குறைந்துவிடுகிறது. அது மழைநீர் வடிகாலாகவும், பின்னர்ச் சாக்கடையாகவும், இறுதியில் கடை வரிசையாகவும் மாறிவிடும் அபாயம் உண்டு.

மாறாதன

பட்டா நிலம் பட்டா நிலமாகவே இருக்கும். இணைப்பினால் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. பொது ஏரியும் பொது ஏரியாகவே நீடிக்கும். 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் உள்ளன. ஒன்றியத்தின் எல்லை சுருங்கும்போது, அச்சிறு ஏரியின் மதகையும் கரையையும் இனிக் கவனிப்பது யார் என்பதை ஊரார் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். பொறுப்பாளர் இன்னார் என்று தெரியாத ஏரியே முதலில் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகிறது.

வேங்கிக்கால் என்னும் பெயரிலேயே ‘கால்’ என்ற சொல் உள்ளது. கால் என்பது வாய்க்காலையும் குறிக்கும். இவ்வூர் ஏரியும், மலையடிவாரத்து ஏரி குளங்களும் மழைநீரை நம்பியே உள்ளன. 2024 டிசம்பர் முதல் நாளில், பெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டதை நாடறியும். மலையில் பெய்யும் பெருமழை கீழே இறங்கியே ஆக வேண்டும். அது செல்லும் வழி அடைபட்டால் வயலுக்கு வறட்சியும், வீட்டிற்கு வெள்ளமும் ஒருங்கே வந்து சேரும். எனவே வாய்க்காலைக் காப்பது விவசாயியின் கவலை மட்டுமன்று. மனை வாங்கிக் குடியேறியவரின் கவலையும் அதுவே.

முன்கூட்டிச் செய்ய வேண்டுவன

1. ஊரின் பொது நிலம் அனைத்திற்கும் ஒரு பட்டியல் வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், களம், மந்தைவெளி, சுடுகாடு, அதற்குச் செல்லும் பாதை ஆகியவற்றின் புல எண்ணும் பரப்பும் அதில் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பட்டியலைச் சரிபார்க்கலாம்.

2. மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, கட்டடம், மோட்டார் முதலிய ஊராட்சிச் சொத்துக்கள் பதிவேட்டில் முழுமையாக ஏறியுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத சொத்து ஒப்படைப்பு நாளில் கணக்கில் வாராது.

3. இப்பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, தீர்மானமாக நிறைவேற்றுதல் வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் சபைக்குக் குறைவெண் நிறைவுறும். ஆகவே தெருத்தெருவாய்ச் சொல்லி அழைத்தல் அவசியம்.

4. இணைப்பு பற்றிய முன்மொழிவு வெளியானால், ஆட்சேபமோ ஆதரவோ, குறித்த காலத்திற்குள் எழுத்தில் அனுப்புதல் வேண்டும். ‘எங்களுக்கு வேண்டாம்’ என்ற ஒரு வரியினும், எத்தனை குடும்பங்கள் வேலைத் திட்டத்தை நம்பியுள்ளன, எத்தனை ஏக்கர் இன்றும் பயிராகிறது, எந்த வாய்க்கால் எவ்வயலுக்குப் பாய்கிறது என்ற கணக்கு வலிமையுடையது.

உறுப்பினர் இல்லாத காலத்தில் இவை நடவா என்று சிலர் கருதுவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். உறுப்பினர் பதவிக்குக் கால எல்லை உண்டு. கிராம சபைக்கு இல்லை. வாக்காளர் இருக்கும்வரை சபை இருக்கிறது.

கல்லும் காகிதமும்

காஞ்சிபுரம் பகுதியிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குகின்றன. அங்கு ஏரியைக் காக்கத் தனியே ஏரி வாரியம் இருந்தது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது என்ற விதியும் அக்கல்வெட்டில் உள்ளது. அரசுகள் பல மாறின. எழுதி வைத்தமையால் அவ்வூரின் ஏற்பாடு இன்றும் நமக்குத் தெரிகிறது.

நம் காலத்திலும், கிராமப் பொது நிலத்தின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் பணித்தது. ஆனால் இது பொது நிலம் என்று காட்டும் ஏடு ஊராரிடம் இருந்தாலன்றித் தீர்ப்பும் துணை செய்யாது.

நகரோடு இணைவது பெருமையுமன்று, சிறுமையுமன்று. ஒரு சட்டத்தின் கீழிருந்து வேறொரு சட்டத்தின் கீழ்ச் செல்வதேயாகும். வெறுங்கையோடு செல்லும் ஊர் தன் ஏரியையும் வாய்க்காலையும் இழந்து நிற்கும். கணக்கோடு செல்லும் ஊர் அவற்றைக் கேட்டுப் பெறும். ஆகவே ஊராட்சிகள் அடுத்த கிராம சபை நாளிலேயே இப்பட்டியலைத் தொடங்குதல் நலம். பட்டியலின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று ஒன்றிய அலுவலகத்திலும், ஒன்று ஊர்ப் பள்ளியிலும் இருக்கட்டும்.