புள்ளிக்கல்லும் மெருகும்

ஆற்றில் கிடக்கும்போது கண்ணைப் பறிக்கும் கூழாங்கல், வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்ந்ததும் மங்கிப்போவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கல் மாறவில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நீர் நிரப்பியிருந்தவரை ஒளி உட்சென்று நிறத்தைக் காட்டியது. நீர் போனபின் ஒளி மேலேயே சிதறுகிறது. அம்மேடுபள்ளங்களைத் தேய்த்து நீக்கிவிட்டால் கல் எப்போதும் நனைந்தாற்போலவே இருக்கும். மெருகேற்றுதல் என்பது அதுவே.

இப்பொழுதுபோக்கில் இறங்குவோர் பலரும் முதலில் தேடுவது புள்ளி ஜாஸ்பர். வெண்ணிறத்தில் கரும்புள்ளி தெளித்து, டால்மேசியன் நாயின் பெயரால் விற்கப்படும் கல் மெக்சிகோ நாட்டிலிருந்து வருகிறது. உண்மையில் அது ஜாஸ்பரே அன்று! ஜாஸ்பர் என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகளாலான சிலிக்கா. பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு அதற்கு நிறமூட்டுகிறது. மெக்சிகோக் கல்லோ பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த பாறை. புள்ளிகள் வேறொரு கனிமம். கடைப்பெயரை நம்பி அதை வாங்கலாமென்றால், நம் காலடிக் கல்லுக்கு மட்டும் என்ன குறை?

எங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்து காட்டாக்கடையில் குடியேறியது. அங்கிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வரையுள்ள பாறைகளில் ஜாஸ்பரை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் கொண்டலைட் என்னும் பாறை உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. வெளிறிய பரப்பில் சிவந்த கார்னெட் மணிகள் மாதுளை முத்துக்களைப்போல் பதிந்திருக்கும். வீடு கட்ட இறக்கும் கருங்கற் குவியலிலேயே இதைப் பொறுக்கலாம். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள்; வெண்பகுதி மாவாய் உதிர்ந்தால் கல் மக்கிவிட்டது, விட்டுவிடுக.

கண்ணாடிப் பலகைமேல் சிலிக்கன் கார்பைடு பொடியை நீருடன் குழைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். 1893இல் அமெரிக்கர் எட்வர்டு அச்செசன் காப்புரிமை பெற்ற பொருள் இது. (இஃதில்லாத காலத்திலேயே நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழர் கல்மணிகள் செய்தனர் என்பதை அங்கு நடந்த அகழாய்வுகள் காட்டின. அவர்கள் பொறுமையை நினைத்தால் நம் கைவலி பெரிதன்று.) முதலில் 220ஆம் எண் பொடி, பின் 400, 600, 1000. எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும். ஒவ்வொரு முறையும் கல்லையும் கையையும் நன்கு கழுவுக. கரடுமுரடான ஒரு துகள் தங்கினாலும் உழைப்பு வீண். கீறலைப் பார்க்கக் கல்லைத் துடைத்து உலர்த்தி ஒளியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஈரம் கீறலை மறைத்துவிடும்.

இனித்தான் சிக்கல். ஜாஸ்பர் முழுதும் ஒரே கடினம்; ஆகவே சீராகத் தேயும். நம் கல்லில் கார்னெட்டும் குவார்ட்ஸும் மோஸ் அளவில் ஏறத்தாழ 7, பெல்ஸ்பார் 6. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் கரிய மைக்கா 3க்கும் குறைவு. மென்மையானவை முன்னதாகத் தேய்ந்து பள்ளமாக, கார்னெட் கொப்புளம்போல் எழுந்து நிற்கும். மெத்தென்ற துணியில் அழுத்தித் தேய்த்தால் இக்கேடு மிகும். கடினமான தளத்தில், மெல்லிய அழுத்தத்தில், குறைந்த நேரத்தில் முடிப்பதே வழி. இறுதி மெருகுக்கு வைரப்பொடிக் குழம்பு நன்று. அது இக்கனிமங்கள் அனைத்தையும் அறுக்கும். மைக்கா மிகுந்த துண்டை நான் எடுப்பதேயில்லை.

ஒன்றை மட்டும் எவரும் எளிதாக எண்ணவேண்டா. உலர்ந்த கல்லை ஒருபோதும் தேய்க்காதீர். குஜராத்தின் காம்பே நகரில் அகேட் கல் தேய்க்கும் தொழிலாளர் பலர் சிலிக்காத் தூசியால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, நமக்கோ பொழுதுபோக்கு. தேய்த்த சேற்றைக் காயவிடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் கல்லாய் இறுகும், விடுதிக் காப்பாளரும் நம்மைத் தேடி வருவார்!

முயல விரும்பும் நண்பர்கள் ஒரு கல்லுடன் என் அறைக்கு வரலாம். கண்ணாடிப் பலகையும் பொடிகளும் இருக்கின்றன.