அம்மா அந்த வீட்டிலேயே இருக்கட்டும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் கண்டோன்மென்ட் காலத்துத் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகி வருகின்றன. மிஞ்சியிருக்கும் வீட்டில் வயதான தம்பதி, பிள்ளைகள் வெளியூரில். இப்படிப்பட்ட குடும்பத்தில் உயில் பேச்சு எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்றுதான் தொடங்குகிறது. முதல் கேள்வி வேறு என்பேன்: இருவரில் ஒருவர் போனபின் மற்றவர் யார் தயவும் இல்லாமல் அதே வீட்டில் இருக்க முடியுமா? உயில் இல்லையென்றால் அதற்கு உறுதி கிடையாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த கிறிஸ்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். இந்துக் குடும்பத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. ஒரே வீட்டை எப்படிப் பிரிப்பது? பாகப்பிரிவினை வழக்கு வந்தால், வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் கூடும்.

"எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்பார்கள். நம்புகிறேன். ஆனால் பங்கு பிள்ளையோடு நிற்பதில்லை. அவர் காலமானால் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். கடன்பட்டால் கடன்காரரும் அதன்மீது கை வைக்கலாம். "நாமினி போட்டாயிற்றே" என்பது அடுத்த பதில். பங்குச் சந்தை முதலீட்டுக்கு நாமினி ஆனவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேடான காத்தாவில் பெயர் ஏறுவதும் வரிக்காகத்தான். அது உரிமைப் பத்திரம் அல்ல. பிள்ளை பேருக்கு இப்போதே தானப் பத்திரம் எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் அதை ரத்து செய்ய வழி தந்தாலும், பராமரிப்பு நிபந்தனையைக் காட்டித் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டும். உயிலை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம்.

வாசகத்தில்தான் கவனம் வேண்டும். "மனைவி ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு" என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் இந்து மனைவிக்கு அப்படிக் கொடுத்த உரிமை 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி முழு உரிமையாகிவிட்டதா என்று வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. ஆகவே அவர் விற்கலாமா, வாடகைக்கு விடலாமா, ரிப்பேர் செலவு யாருடையது என்பதை வக்கீலைக் கொண்டு உடைத்து எழுத வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. வாரிசுக்கே எழுதினால் பெரும்பாலும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. என்றாலும் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவதே நல்லது. சாட்சிகள் இருவர் வேண்டும். கிறிஸ்தவர் உயிலில் மருமகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் செல்லும், மகனுக்கு எழுதிய பங்கு செல்லாது! மைசூரிலிருந்து வந்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அளவுகோல்: உயிலால் பெரும்பலன் பெறுபவரே அதைத் தயாரிப்பதிலும் முன்னின்றால், எழும் சந்தேகத்தை அவர்தான் போக்க வேண்டும். அதனால் வீடு யாருக்குப் போகிறதோ அவர் வக்கீலை அழைத்து வரவோ சாட்சி தேடவோ கூடாது. பின்னாளில் வந்து சாட்சி சொல்லக்கூடிய, வயதில் இளைய, பக்கத்துத் தெருவிலேயே இருக்கிற இருவரைப் பெரியவர்களே கேட்டு அழைக்கட்டும்.