மறந்தவர்களை மறவாதிருப்போம்

"தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?"

விடுமுறைக்கு வீடு சென்ற என்னிடம் அம்மம்மா இப்படிக் கேட்டார். என் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையப் பழக்கியவர் அவர். 'ராசா' என்றழைத்த வாய், அந்நியனுக்குரிய மரியாதையோடு 'நீர்' என்றது. முதலில் பொறுமையாகப் பதில் சொன்னேன். கால்மணி நேரத்தில் அதே கேள்வி நான்கைந்து தடவை வரவே, "எத்தனை தரம் சொல்லுறது?" என்று எரிந்து விழுந்தேன். குற்றஞ்செய்த குழந்தையைப்போல் அவர் தலைகுனிந்தார். அவர் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல சென்றும், குனிந்த அந்தத் தலை என் கண்முன் நிற்கின்றது.

மறதிநோய் முதுமையின் இயல்பன்று. அது ஒரு நோய். அதன் பிரதான வகையை 1906ஆம் ஆண்டில் ஜேர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விபரித்தார். பின்னர் அவர் பெயரே நோயின் பெயராயிற்று. மூளையின் கலங்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. புதியனவற்றைப் பதியவைக்கும் பகுதி பெரும்பாலும் முதலிற் பழுதடைவதால், காலையில் உண்டது மறந்துபோகும். இளமையிற் பழகியது நெடுநாள் நிற்கும். பேரனை மறந்த அம்மம்மா, செபமாலையைக் கையிற் கொடுத்ததும் அருள்நிறை மந்திரத்தைத் தடையின்றிச் சொன்னது இதனாலேயே. கேட்டதையே கேட்பது பிடிவாதமல்ல, நோயின் செயல் என்பதை நான் பிந்தியே அறிந்தேன்.

நினைவை இழந்தவர் தம்மையே இழந்துவிட்டாரா? வேதாகமம் அவ்வாறு போதிக்கவில்லை. இறைவன் நோவாவை நினைவுகூர்ந்தார், வெள்ளம் வடியத் தொடங்கியது (ஆதி. 8:1). எகிப்தில் அழுத மக்களின் முன்னோரோடு செய்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார் (யாத். 2:24), மோயீசன் அனுப்பப்பட்டார். இறைவன் நினைப்பது, மீட்கச் செயற்படுவதாகும். தாய் தன் சேயை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று இசையாஸ் வாயிலாக அவர் உறுதி தருகிறார் (இசை. 49:15). சிலுவையில் தொங்கிய கள்வனும் தன்னை நினைவுகூரும்படி மட்டுமே இயேசுவிடம் கேட்டான். அவனுக்குக் கிடைத்ததோ பேரின்ப வீடு.

ஆகவே நமது நினைவுகூர்தலும் செயலாக வேண்டும்.

இத்தகைய நோயாளர் வீட்டில் இருந்தால், நோயிற்பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திருக்க வேண்டாம். நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து நெருங்கத் தொடங்கும்போதே அதைப் பெறலாம் என்றும், நிலைமை மோசமடைந்தால் மீண்டும் பெறலாம் என்றும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. குருவானவரை நேரத்தோடு அழையுங்கள்.

மரித்தோரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது, அவர்களின் இறுதி ஆண்டுகளை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த ஆண்டுகளும் அவர்கள் சுமந்த சிலுவையே.

பொறுமையிழந்த நாட்கள் நெஞ்சை உறுத்தினால், பாவசங்கீர்த்தனத்தில் அதை ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். பின்பு அயல்வீட்டில் நோயாளரை இரவுபகலாகப் பராமரிக்கும் மகளையோ மருமகளையோ எண்ணிப்பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்கு அவள் வந்து எத்தனை மாதங்களோ! ஒருமணி நேரம் நீங்கள் காவலிருந்தால் அவள் வந்துபோகலாம்.

நவம்பர் 2ஆந் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவோம். நானும் அன்று திருப்பலியில், மரித்தோரை நினைவுகூரும் வேளையில், அம்மம்மாவின் பெயரைச் சொல்லி, அன்று பொறுமையோடு சொல்லத் தவறிய பதிலைச் சொல்வேன்: "அம்மம்மா, நான் உங்கடை பிள்ளைதான்."