பயணத்திற்கு முன்பே களைத்துப்போகிறவர்கள்

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வரும் அன்பர்கள் பலர் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெளியூர் போய் வரலாமா?" உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் இசைவு தெரிவித்துவிடுகிறார். ஆனால் அந்த இசைவு கிடைத்த மறுநாளே வீட்டில் வேறொரு துன்பம் தொடங்குவதை நாங்கள் கண்டு வருகிறோம். பயணம் போகிறவர் மகிழ்ந்திருக்க, அதைத் திட்டமிடுகிறவர் உறக்கம் இழக்கிறார். இவ்விதழில் அவரைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

மதுரையில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தைக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். இராமேசுவரம் போய்வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மகள் ஏற்பாடுகளைத் தொடங்கினார். அவ்வளவு தூரம் போகும்போது திருப்புல்லாணியையும் உத்தரகோசமங்கையையும் விட்டுவிடலாமா என்றார் அண்ணன். தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களை வணங்காமல் வருவது முறையன்று என்றார் அத்தை. 22 தீர்த்தங்களிலும் நீராடியே ஆக வேண்டும் என்றார் பெரியம்மா. பிள்ளைகளுக்குத் தனுஷ்கோடி பார்க்க ஆசை. மகளோ இரவு பன்னிரண்டு மணிவரை விடுதிகளின் படங்களைக் கைப்பேசியில் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் எங்கள் ஆலோசனை அறைக்கு வந்து அமர்ந்தவர் சொன்னார்: "அப்பாவை அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசையே எனக்குப் போய்விட்டது. அவர் அதைப் பற்றிப் பேசினாலே கோபம் வருகிறது. அப்படிக் கோபம் வருவதை நினைத்தால் அழுகை வருகிறது."

இது அன்புக் குறைவு அன்று. பராமரிப்பவரின் மனம் ஏற்கெனவே நாள் முழுவதும் முடிவுகளை எடுத்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம், எந்தக் காயை வேகவைத்து வடிக்க வேண்டும், எந்த மாத்திரை உணவோடு, எது உணவுக்குப் பின் என்று அதற்கு ஓய்வே இல்லை. அந்த மனத்தின் மேல்தான் வண்டி, அறை, கோயில், உறவினர் மனத்தாங்கல் எல்லாம் ஏற்றப்படுகின்றன. சிறு விஷயத்திற்கும் எரிச்சல், படுத்தும் உறங்காமை, விரும்பிய ஒன்றின் மேல் வெறுப்பு ஆகியவை தென்பட்டால் திட்டத்தை அங்கேயே நிறுத்திச் சில நாட்கள் கீழே வைத்துவிட வேண்டும்.

மகளிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா என்ன வேண்டும் என்று கேட்டார்?" அவரிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை! அடுத்த சிகிச்சையின்போது நாங்களே கேட்டோம். இராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிரகாரத்தில் ஒருமுறை நடக்க வேண்டும், அக்னி தீர்த்தக் கரையில் சிறிது நேரம் அமர்ந்து கடலைப் பார்க்க வேண்டும். அவ்வளவே. தீர்த்தமாடுவதைக்கூட அவர் கேட்கவில்லை. பத்து இடங்கள் இரண்டாகச் சுருங்கின.

தீர்த்தமாடுவதைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுத்திலோ மார்பிலோ டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர்கள் கடலிலும் கிணற்று நீரிலும் நீராடவே கூடாது. அக்குழாய் நனைந்தால் கிருமிகள் நேரே இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்தல் நலம். ஈரமான கல்தளத்தில் வழுக்கி விழும் ஆபத்து முதியவர் அனைவருக்கும் உண்டு. பெரியவர்கள் வற்புறுத்தினால், "மருத்துவமனையில் தடுத்துவிட்டார்கள்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அதற்கு நாங்கள் உடன்படுகிறோம்.

நாட்களைப் பொறுத்தவரை, எந்தப் பயணத்திற்காகவும் ஒரு முறை சிகிச்சையைத் தவறவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்த கையோடு புறப்படுவதும் தவறு. அன்று இரத்த அழுத்தம் தாழ்ந்து உடல் சோர்ந்திருக்கும். சனிக்கிழமை காலை புறப்பட்டு, ஞாயிறு நண்பகலுக்குள் திரும்பி, மாலையில் வீட்டில் ஓய்வு என்று அமைத்தோம். ஆனால் வாரத்தின் நீண்ட இடைவெளி இதுவே. உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுதியாகச் சேரும் நாட்களும் இவையே. இராமநாதபுரம் சாலையின் வெயிலில் இளநீர்க் கடையைக் கண்டால் வண்டியை நிறுத்தத் தோன்றும். பொட்டாசியம் நிறைந்த இளநீர் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது. உப்பும் ஊறுகாயும் மிகுந்த கட்டுச்சோறு தாகத்தைக் கூட்டும். தாகம் நீரைக் கூட்டும். அன்றைய நீரின் அளவை ஒரே பாட்டிலில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு மிடறுக்கும் மகள் காவல் இருக்க வேண்டியதில்லை.

இன்னும் நீண்ட பயணமாயின் போகும் ஊரில் டயாலிசிஸுக்கு முன்பே இடம் உறுதி செய்ய வேண்டும். அங்கே ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்பார்கள். முதல் பயணத்திற்கே இத்தனை சுமை வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பிறகு வேலைகளைப் பிரித்தோம். வண்டியும் அறையும் அண்ணனுக்கு. உணவு அண்ணிக்கு. மருந்தும் மருத்துவக் காகிதங்களும் மட்டும் மகளுக்கு. புதிதாக ஓர் இடத்தைச் சேர்க்கச் சொல்பவர் அதற்கான ஏற்பாடு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்தோம். யோசனை சொல்பவரிடம் வேலையையும் ஒப்படைத்தால் யோசனைகள் தாமாகக் குறைந்துவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

அறை தேடுவதற்கும் ஓர் எல்லை வகுத்தோம். தரைத்தளமாக இருக்க வேண்டும், அல்லது லிஃப்ட் இருக்க வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். கோயிலுக்கு அருகில் இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த முதல் அறையைப் பதிவு செய்தபின் வேறு அறைகளைப் பார்க்கவே கூடாது. இரவு உணவுக்குப் பின் பயணப் பேச்சு வேண்டாம் என்பதையும் மகள் தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

மகளின் அச்சத்தைப் பெரிதும் தணித்தது ஒரு தாள். அதன் ஒரு பக்கத்தில் தந்தையின் உலர் எடை, மருந்துகள், ஒவ்வாமை, கடைசிச் சிகிச்சை நாள், எங்கள் பிரிவின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதினோம். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசியோ இரத்த அழுத்தப் பரிசோதனையோ கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் குறித்தோம். மறுபக்கத்தில், எப்போது பயணத்தைக் கைவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குளிருடன் காய்ச்சல், கைகால்களில் திடீர்த் தளர்ச்சி, படபடப்பு, ஃபிஸ்டுலாவில் தொட்டால் உணரப்படும் அதிர்வு நின்றுபோதல். ஆம்புலன்சுக்கு 108. இவை எழுத்தில் இருந்ததால், இரவெல்லாம் "ஏதேனும் ஆகிவிட்டால்?" என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க நேரவில்லை.

அவர்கள் போய் வந்தார்கள். தனுஷ்கோடிக்குப் போகவில்லை; பிள்ளைகள் சற்று வருந்தினார்களாம். பிரகாரத்தில் தந்தை பாதித் தூரம் நடந்து, தூணருகே அமர்ந்து, பின் மெல்ல எழுந்து மீதியை நடந்திருக்கிறார். திங்கட்கிழமை அவரைச் சிகிச்சைக்கு அழைத்து வந்தவர் அண்ணன். மகள் வீட்டில் உறங்குவதாகச் சொன்னார்.

பயணம் போக எண்ணுகிறவர்கள் தேதி குறிக்கும் முன்பே எங்கள் பிரிவின் செவிலியரிடம் தெரிவியுங்கள். மேற்சொன்ன தாளை உங்களுடன் அமர்ந்து நிரப்பித் தருவோம். அன்று நோயாளியும் உடனிருக்க வேண்டும். இயன்றால் யோசனை சொல்லும் உறவினர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.