வலியின் நான்கு முகங்கள்

நோய் முற்றிய ஒருவர் "வலி பொறுக்க முடியவில்லை" என்று கூறும்போது, அவர் உடலை மட்டும் குறிப்பிடுகிறார் என்று கொள்ளலாகாது. புற்றுநோயுற்ற குடும்பத் தலைவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டி நரம்பை அழுத்துவதால் வலி உண்டாகிறது, அச்சத்தால் உறக்கம் கெடுகிறது, வருவாய் நின்றதால் கடன் பெருகுகிறது, "எனக்கு ஏன் இது வந்தது?" என்னும் வினா உள்ளத்தை அரிக்கிறது. இவை தனித்தனியே நிற்பனவல்ல. உறக்கமின்மை வலியை மிகுவிக்கிறது. வலி அச்சத்தை வளர்க்கிறது.

உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய இந்நான்கும் சேர்ந்த துன்பத்தை 'முழு வேதனை' என்னும் கருத்தாக 1960-களில் விளக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் ஆவார். அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் 1967-இல் லண்டனில் தொடங்கப்பெற்றது.

நம் நாட்டில் இக்கருத்து கேரளத்தில் வேரூன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் அமைந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால், 2003-இல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' அமைப்பு தோன்றக் காரணமாயிருந்தார். 2008-இல் கேரள அரசு இச்சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி உள்ளாட்சி மன்றங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இணைந்து, செவிலியரை நோயாளியின் இல்லத்திற்கே அனுப்புகின்றன.

முதலில் தணிக்க வேண்டியது உடல்வலியே. வலியால் துடிப்பவரிடம் ஆறுதல் மொழி எடுபடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 1986-இல் வகுத்த மூன்று படிகளில், கடும் வலிக்கு உரிய மருந்து மார்பின். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, பயனை நோக்கிப் படிப்படியாக உயர்த்துவார். சாதாரண மாத்திரையை வலி மீளும்வரை காத்திராது நான்கு மணிக்கொருமுறை கொடுத்தல் முறையாகும். மலச்சிக்கல் உண்டாகுமாதலால் அதற்குரிய மருந்தும் உடன் வேண்டும். முறைப்படி அளிக்கப்படும்போது நோயாளி இதற்கு அடிமையாதல் அரிது. எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் இம்மருந்து பலருக்கு எட்டாதிருந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று வழி எளிதாக்கப்பட்டது.

களப்பணியாளர் வீட்டிற்குச் செல்லும்போது நான்கு வினாக்களை நினைவிற்கொள்க: எங்கே வலிக்கிறது? இரவு உறக்கம் வந்ததா? வீட்டுச் செலவு எவ்வாறு நடைபெறுகிறது? மனத்தை எது மிகவும் வருத்துகிறது? கடைசி வினாவிற்கு விடை கூற முற்பட வேண்டா. அமர்ந்து கேட்டலே போதும். நோயாளியின் நம்பிக்கை எதுவாயினும் அதனை மதித்தல் வேண்டும். நம் சமயத்தைப் புகுத்துதல் தகாது.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் திடீரென வராது நின்றுவிடும் பிள்ளையின் வீட்டில் நோயாளி ஒருவர் இருக்கக்கூடும். அதனை முதலில் அறியத்தக்கவர் ஆசிரியரே. அச்செய்தியைச் சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தால், பிள்ளையின் படிப்போடு பெற்றோரின் வேதனையும் கவனிக்கப்பெறும்.

நோயைத் தீர்க்க இயலாத நிலை வருவதுண்டு. துன்பத்தைத் தணிக்க ஒன்றும் செய்ய இயலாத நிலை மிகமிக அரிது.