சட்டக் கல்வியின் முதலாண்டுச் சொற்கள்

சட்டப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதத்தில் மிரட்டுபவை இலத்தீன் தொடர்கள்தாம் என்றாலும், தேர்வுத் தாளில் அவரைத் தடுக்கி விழச் செய்பவை பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்த சொற்களே என்பதைக் கற்பித்துப் பழகியோரும் கற்றுத் தேறியோரும் அறிவர். ‘மென்ஸ் ரியா’ என்ற தொடரைக் கண்டதும் அகராதியைப் புரட்டி, அது குற்ற மனநிலையைக் குறிக்கும் என்று தெரிந்துகொள்ளும் அதே மாணவர், ஆயுள், கொலை, வீட்டு உரிமையாளர் போன்ற சொற்களை அன்றாடப் புழக்கத்தில் உள்ள பொருளிலேயே எடுத்துக்கொண்டு மேலே படித்துச் சென்றுவிடுகிறார். சிங்கப்பூரில் சட்டம் கற்பிக்கும் மூன்று பல்கலைக்கழகங்களில் எதில் சேர்ந்தாலும், முதலாண்டில் மிகுந்த கவனத்தைக் கோருபவை இத்தகைய எளிய சொற்களே.

சிங்கப்பூருக்கு ஆங்கிலச் சட்டம் 1826ஆம் ஆண்டின் இரண்டாவது நீதிச் சாசனத்தின் வழியே வந்தது. தண்டனைச் சட்டமோ 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871இல் இயற்றப்பட்டது. இந்தியா 2024 ஜூலை 1 அன்று அப்பழைய சட்டத்தை விலக்கி, பாரதிய நியாய சன்ஹிதாவை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆயினும் 302 என்றால் கொலைக்கான தண்டனை, 420 என்றால் ஏமாற்றுதல் என்று தமிழர் நாவில் பழகிப்போன எண்கள் சிங்கப்பூர்ச் சட்டப் புத்தகத்தில் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. இந்த உறவு தமிழ் மாணவருக்கு ஓர் அனுகூலம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கேள்வியறிவாக வந்த பொருளையும் அவர் சேர்த்துச் சுமந்து வருவதால், அதில் ஓர் ஆபத்தும் உண்டு.

ஆயுள் தண்டனை என்ற சொல் இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டில் அது 14 ஆண்டுகள்தாம் என்று பலர் நம்புகின்றனர். அங்கேயும் அது சட்டப்படி வாழ்நாள் முழுவதற்குமான தண்டனையே, 14 ஆண்டு என்பது தண்டனைக் குறைப்பு தொடர்பான ஒரு வரம்பு மட்டுமே. சிங்கப்பூரில் ஆயுள் தண்டனை 20 ஆண்டு என்றே நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. 1997 ஆகஸ்ட் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்துல் நாசர் வழக்கில், ஆயுள் என்பது குற்றவாளியின் எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் என்று விளக்கம் அளித்தது. அந்த விளக்கம் அன்றைய தேதிக்குப் பின் நடக்கும் குற்றங்களுக்கே பொருந்தும் என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. பழைய பொருளை நம்பி நடந்தவர்மீது புதிய பொருளைப் பின்னோக்கிச் சுமத்துவது நியாயமாகாது என்ற அக்கறை அதில் வெளிப்படுகிறது. எழுத்துக்கூடத் திருத்தப்படாத ஒரு சொல்லின் பொருள் ஒரே தீர்ப்பில் மாறி, மனிதர்களின் பல பத்தாண்டுகளைத் தீர்மானித்தது என்பதை உணர்ந்த மாணவர், அதன்பின் எந்தச் சொல்லையும் ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போகமாட்டார்.

கொலை என்ற சொல்லும் அத்தகையதே. தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தைப் பொதுவாக வரையறுக்கிறது. அதற்குள் எவை கொலையாகும் என்பதை 300ஆம் பிரிவு பிரித்துக் காட்டுகிறது. கொலையாகாத பிற மரணக் குற்றங்களைச் செய்திகளில் ‘நோக்கமில்லாக் கொலை’ என்று எழுதும் வழக்கம் உண்டு. இச்சொல் மாணவருக்கு உதவாது. ஏனெனில், கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டப்பட்டுத் தன்னிலை இழந்தவர் கொல்லும் நோக்கத்துடனேயே கொன்றிருந்தாலும், அது இவ்வகையில் அடங்கக்கூடும். மறுபுறம், கொல்லும் நோக்கமே இல்லாதவரும் கொலைக் குற்றவாளி ஆகலாம். ஓர் ஈட்டிக் குத்தால் நேர்ந்த மரணம் குறித்து 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த விர்சா சிங் தீர்ப்பு இதை விளக்குகிறது: குத்தியவர் அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தாரா என்பதே அவர் மனத்தைப் பற்றிய கேள்வி, அக்காயம் இயல்பாக மரணம் விளைவிக்கப் போதுமானதா என்பது அவர் மனத்தைச் சாராமல், மருத்துவச் சான்றைக் கொண்டு முடிவு செய்யப்படும் தனிக் கேள்வி. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இந்த அணுகுமுறையை ஏற்று, இன்றுவரை பின்பற்றி வருகின்றன.

இவ்விடத்தில் வேறு சில சொற்கள் தாமே விளங்கிவிடும். இந்தியத் தீர்ப்பு சிங்கப்பூருக்கு இணங்கச் செய்யும் முன்தீர்ப்பு மட்டுமே, அதை ஏற்பதும் விடுவதும் இங்குள்ள நீதிபதியின் விருப்பம். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பளித்த பின்னர், அத்தீர்ப்பு கீழுள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாகிறது. கட்டுப்படுத்துவதும் தீர்ப்பில் உள்ள எல்லா வரிகளும் அல்ல. முடிவுக்கு இன்றியமையாத காரணமான ‘ரேஷியோ’ மட்டுமே கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொல்லப்பட்ட ‘ஓபிட்டர்’ கருத்துக்கு மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை.

சொத்துச் சட்டச் சொற்களைக் கற்க, சுவா சூ காங்கில் வசிக்கும் மாணவர் வெளியே எங்கும் செல்ல வேண்டியதில்லை. பெற்றோரின் வீவக வீட்டுப் பத்திரங்களே போதும். ‘வீடு வாங்கினோம்’ என்று குடும்பத்தில் சொல்லப்படுவது சட்டப்படி 99 ஆண்டுக் குத்தகை. கணவனும் மனைவியும் அவ்வீட்டை ‘ஜாயின்ட் டெனன்சி’யாக வைத்திருந்தால், இச்சொல்லுக்கும் வாடகைக்கும் தொடர்பே இல்லை, பங்கு பிரிக்காமல் முழு வீட்டையும் இருவரும் சேர்ந்து உடைமையாகக் கொண்டிருக்கின்றனர் என்பதே பொருள். ஒருவர் மறைந்தால் வீடு முழுவதும் உயிரோடிருப்பவருக்கே சேரும். மறைந்தவர் தம் உயிலில் ‘என் பாதி என் தம்பிக்கு’ என்று எழுதி வைத்திருந்தாலும் அந்த வரி செல்லாது. ‘டெனன்சி இன் காமன்’ என்றிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு, அது உயிலின் வழியே செல்லும். மத்திய சேம நிதியும் உயிலுக்குள் அடங்குவதில்லை. அதற்கெனத் தனியே நியமனம் செய்ய வேண்டும், திருமணம் செய்துகொண்டால் முன்பு செய்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். இந்த வேறுபாடுகள் தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் துக்க நேரத்தில் உறவு முறிந்து நிற்கின்றன. ஆகவே இச்சொற்களை மதிப்பெண்ணுக்காக மட்டுமின்றி, வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெளிவாகக் கற்பது நல்லது.

ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒரே வழக்கைக் கூர்ந்து படித்தாலே பல சொற்கள் கைவரும். 2003 ஜனவரியில், 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் அச்சுப்பொறி ஓர் இணைய விற்பனைத் தளத்தில் தவறுதலாக 66 வெள்ளி என்று காட்டப்பட்டது. ஆறு பேர் நூற்றுக்கணக்கில் வாங்க ஆணையிட்டு, பொருளைத் தரும்படி வழக்குத் தொடுத்தனர். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் மூன்றும் பார்வைக்கு அமைந்திருந்தும், விலை தவறு என்பதை அறிந்தே அவர்கள் வாங்க முனைந்தனர் என்று கண்ட உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அதை உறுதிப்படுத்தியது. தொடக்கம் முதலே செல்லாத ஒப்பந்தத்துக்கும், ஒரு தரப்பு விரும்பினால் செல்லாததாக்கிக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை இத்தீர்ப்புகள் அளவுக்கு விளக்கும் பாடநூல் அரிது.

நீதிமன்ற நடைமுறைச் சொற்கள் சில அண்மையில் மாறியுள்ளன. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள புதிய விதிகளின்படி ‘பிளெயின்டிஃப்’ என்ற வாதி ‘கிளைமன்ட்’ ஆகிவிட்டார், ‘லீவ்’ என்ற அனுமதி ‘பெர்மிஷன்’ ஆகிவிட்டது. பழைய தீர்ப்புகளைப் படிப்பதற்காக மாணவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும், எழுதும்போது புதியதையே எழுத வேண்டும்.

சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லுடனும் அது வரும் சட்டப் பிரிவு, அதை விளக்கிய வழக்கு, அதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க இன்னொரு சொல் ஆகியவற்றைச் சேர்த்துக் குறித்து வைப்பது பயன் தரும். சட்டங்களின் மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்ததாக, காதால் கேட்க வேண்டும். சுவா சூ காங்கிலிருந்து இலகு ரயிலில் புக்கிட் பாஞ்சாங் சென்று, டௌன்டவுன் பாதையில் சைனாடவுன் நிலையத்தில் இறங்கினால், அரசு நீதிமன்றங்கள் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. திறந்த நீதிமன்ற விசாரணைகளில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். ஆங்கிலம் அறியாத தமிழர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை கோருகிறாரா என்று கேட்பதைக் கவனித்தால், பாடநூல் பக்கங்களில் இறுகிக் கிடந்த சொற்கள் எளிய தமிழில் அவிழ்வதைக் காணலாம். அங்கே ‘கன்சிடரேஷன்’ என்ற சொல்லும் காதில் விழும். ஆனால் அது ஒப்பந்தச் சட்டத்தின் மறுபயன் அன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டு, தனித் தண்டனை விதிக்கப்படாமல், மற்றக் குற்றங்களுக்கான தண்டனையை முடிவு செய்யும்போது மட்டும் கருத்தில் கொள்ளப்படும் குற்றச்சாட்டுகளையே அங்கு அது குறிக்கிறது.